கனடா போகும் பெற்றோரின் காப்புறுதி

மாத்தளைக் கடையை ஒப்படைத்துவிட்டு கனடாவிலுள்ள பிள்ளையுடன் போய் இருக்க நினைக்கும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது டிக்கட் விலையைத்தான். பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரே தடவையில் 5 வருடம் வரை தங்கலாம். கட்டாயமாகக் கேட்கும் மருத்துவக் காப்புறுதியோ குறைந்தது ஒரு வருடத்துக்கு, 1,00,000 கனேடிய டொலருக்கு. மீதி வருடங்களுக்கான பிரிமியத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்நாட்டு அரச மருத்துவத் திட்டமும் இவர்களுக்கு இல்லை.

அதைவிட மோசம், பிரிமியம் குறையுமென்று சீனி வியாதியையும் பிரஷரையும் படிவத்தில் மறைப்பது. கம்பனி பழைய மருந்துத் துண்டைத் தேடுவது நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான். மறைத்தது தெரிந்தால் பணம் வராது. பில் மகன் தலையில், பிறகு கடை விற்ற காசில். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் மருந்தெடுத்துப் பழகிய நமக்கு அந்தப் பில்லின் கனம் விளங்குவதில்லை. கிளினிக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புங்கள், கடைச் சாவியைக் கொடுக்க முன்பே.