கொருனாவா, ரூபாயா?

பிராக் நகரில் ஒரு கருத்தரங்கு, கட்டுரையும் ஏற்கப்பட்டுவிட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதி அறையில் இருக்கும் முனைவர் பட்ட ஆய்வாளருக்கு அந்த நேரத்தில் நாலாபக்கமிருந்தும் வரும் அறிவுரை ஒன்றே: ஐரோப்பாவில் எல்லாம் விலை அதிகம், பார்த்துச் செலவு செய்ய வேண்டும். எதைப் பார்த்து என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. மாதம் 37,000 ரூபாய் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் ஒருவர் அங்கே மதிய உணவைத் தவிர்த்து 200 கொருனா மிச்சம் பிடிக்கிறார். அதே நாளில் பணமாற்றுக் கடையின் சாளரத்தில் அதைப்போல் மூன்று மடங்கை விட்டுவிட்டு வருகிறார். பட்டினி கிடந்தது அவருக்கு நினைவிருக்கும். இழந்த தொகை கணக்கிலேயே வராது.

செலவு தொடங்குவது பிராகில் அன்று, இங்கேயே. குறுகிய கால ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் வேண்டும். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது. ஆனால் அந்த விசா விதித்தொகுப்பின் 16ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: ஆய்வுப் பணிக்காகவோ அறிவியல் கருத்தரங்கில் பங்கேற்கவோ செல்லும் ஆய்வாளரிடம் விசாக் கட்டணம் வாங்கக்கூடாது. அங்கே ஆய்வாளர் என்ற சொல் முனைவர் பட்டம் பெற்றவரை மட்டும் குறிப்பதன்று. ஆய்வு நிறுவனம் ஒன்றால் தெரிவு செய்யப்பட்ட, முனைவர் பட்டப் படிப்புக்குத் தகுதியுடையவரையும் அது உள்ளடக்குகிறது. இதைப் பெற அழைப்புக் கடிதத்தில் வருகையின் நோக்கம் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்ப மேசையில் வாய்விட்டுக் கேட்கவும் வேண்டும். வெளிநாடு போய்வந்தவர்கள் நிறைந்த துறைகளில் இச்செய்தி தேநீர் வேளையிலேயே காதில் விழுந்துவிடும். தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கடவுச்சீட்டு எடுத்தவருக்கு அதைச் சொல்ல ஆளில்லை. அவரே முழுக் கட்டணத்தையும் செலுத்துகிறார்.

செக் குடியரசு 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் யூரோவுக்கு மாறவில்லை, புழங்குவது கொருனாவே. ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 24 கொருனா, ஒரு கொருனாவுக்கு ஏறத்தாழ நான்கு ரூபாய் என்பது மனத்தில் பதிந்திருந்தால் போதும். இந்தத் தனி நாணயந்தான் பழைய நகரின் பணமாற்றுக் கடைகளுக்கு வாழ்வளிப்பது. 'தரகு இல்லை' என்று பெரிய எழுத்தில் பலகை தொங்கும். தரகு இல்லாமல் இருக்கலாம், விகிதம் இருக்கிறதே. 24 கொருனா பெறுமானமுள்ள யூரோவுக்கு 18 கொருனா தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், 100 யூரோ மாற்றியவர் 600 கொருனாவை, அதாவது மூன்று வேளை நல்ல மதிய உணவை, அங்கேயே விட்டுவிட்டார். ஏமாற்று பெருகியதால் 2019இல் சட்டம் திருத்தப்பட்டது. 1,000 யூரோ வரையிலான பணமாற்றத்தை, இரசீதைக் காட்டி, மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் இரத்துசெய்துகொள்ளலாம். நல்ல சட்டம், மூன்று மணி நேரத்துக்குள் தன் இழப்பை உணரும் பயணிக்கு மட்டுமே பயன்படும்.

ஏ.டி.எம். இன்னும் நயமானது. அட்டை இந்தியாவுடையது என்று கண்டுகொண்டதும், ரூபாயிலேயே கணக்கிட்டுத் தரட்டுமா என்று கேட்கும். கடைகளின் அட்டைக் கருவியும் சில வேளைகளில் அப்படியே கேட்கும். அறியாத ஊரில் அறிந்த நாணயத்தின் பெயரைக் கண்டவர் ஆறுதலோடு ஆம் என்கிறார். அந்த ரூபாய் விகிதத்தில் இயந்திரக்காரரின் இலாபம் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். சில இந்திய வங்கிகள் அதன்மேலும் தம் பங்கைப் பிடிக்கும். கொருனாவிலேயே கணக்கிடு என்று சொல்வதே சரி. அப்போதும் இந்திய வங்கி தன் அந்நியச் செலாவணிக் கட்டணமாகப் பொதுவில் 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். ஆனால் அது முன்பே தெரிந்த செலவு. இவற்றுக்கெல்லாம் முன்னர் ஊரிலேயே செய்ய வேண்டியது ஒன்று: ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு நெறிமுறையால் புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும், வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே திறந்துகொள்ள வேண்டும். பிராக் விமான நிலையத்தில் நின்றுகொண்டு, ஊரில் அணைந்துகிடக்கும் தொலைபேசி எண்ணுக்கு வரும் கடவு எண்ணுக்காகக் காத்திருப்பது பரிதாபமான காட்சி.

எந்த விலையையும் ரூபாயால் பெருக்கிப் பார்க்கும் பழக்கமும் தீங்கு செய்கிறது. ஒரு காப்பி முந்நூறு ரூபாயா என்று திகைப்பவர், எது அந்த ஊருக்கு மலிவு, எது அந்த ஊருக்கே கொள்ளை என்று பிரித்தறியும் திறனை இழக்கிறார். வேலை நாள்களின் நண்பகலில் பிராக் உணவகங்கள் பல 'பொலெட்னி மெனு' எனும் மதிய உணவை 200 கொருனா அளவில் தருகின்றன. அலுவலகம் செல்வோர் உண்பது அதைத்தான். அதே உணவகத்தில் இரவு உண்டால் கணக்கு வேறு. 'மென்சா' எனப்படும் பல்கலைக்கழக உணவுக்கூடங்களில் வெளியாரும் சற்றே கூடுதல் விலையில் உண்ணலாம். சைவ உணவினர் வறுத்த பாலாடைக்கட்டியைச் சில நாள்கள் சகித்துக்கொள்ள நேரும், அது வேறு துயரம். மேசையில் கேளாமலே வைக்கப்படும் ரொட்டிக்கும் கணக்கு உண்டு. உணவகத்தில் தண்ணீர் விலைக்குத்தான் வரும், சில இடங்களில் பியரைவிட அதிக விலைக்கு. குழாய் நீரோ குடிக்கத் தக்கது. விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர வழக்கமான நகரப் பயணச்சீட்டே போதும், வாடகைக் கார் வேண்டியதில்லை. தாள் சீட்டை மஞ்சள் கருவியில் முத்திரையிட மறந்தால் மட்டும், சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் மொழி தெரியாது என்ற சமாதானம் செல்லாது.

இத்தனையும் ஆய்வாளர் தாமே கற்றுக்கொள்ளக்கூடியவை. அவர் கையில் இல்லாதது முன்பணம். பயண நிதி பெரும்பாலும் திரும்பி வந்து சான்றுகளை ஒப்படைத்த பிறகே வருகிறது. விமானச் சீட்டு, பதிவுக் கட்டணம், காப்பீடு, தங்குமிடம் அனைத்தையும் முதலில் கட்டுபவர் மாணவர். கையில் பணமுள்ளவர் மூன்று மாதம் முன்பே மலிவான சீட்டை வாங்கிவிடுகிறார். கடனுக்கு அலைந்தவர் கடைசி வாரத்தில் கூடுதல் விலைக்கு வாங்குகிறார், வட்டியும் கட்டுகிறார். விசாவுக்குக் கணக்கில் இருப்பு காட்ட நண்பரிடம் வாங்கிப் போட்ட தொகையை, பயணம் முடிவதற்குள்ளேயே திருப்பித் தரவும் வேண்டியிருக்கும். அனுமதி வழங்கிய நாளிலேயே பாதித் தொகையையேனும் முன்பணமாகக் கொடுப்பதற்கு நிறுவனங்களிடம் சொல்லத்தக்க தடை எதுவும் இல்லை. ஆசிரியர்களின் பயணத்துக்கு முன்பணம் கொடுத்துப் பழகிய அலுவலகங்கள்தாமே இவை.

அதுவரை, ஒவ்வொரு சீட்டையும் அன்றிரவே படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வெப்பத்தாளில் அச்சான எழுத்து, கோப்பு இரண்டாம் மேசையைத் தாண்டுவதற்குள் மங்கிவிடுகிறது.