முட்டி ஆபரேஷன்... முன்கூட்டியே சொன்னால் என்ன?

‘‘ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சுது. ஆனா, முட்டிக்குக் கீழே தொட்டா வேற யார் காலையோ தொடற மாதிரி இருக்கே... நரம்பை வெட்டிட்டாங்களோ?’’

கபடி ஆடும்போதோ, டூவீலரில் சறுக்கி விழுந்தோ ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், வீட்டுக்கு வந்ததும் இப்படிப் பதறுவதுண்டு. இந்தப் பயத்தில் பாதி, யாரும் முன்கூட்டியே சொல்லாததால் வருவது!

விஷயம் இதுதான். முட்டிக்குள் இருக்கும் ‘ஏ.சி.எல்.’ என்ற ஜவ்வு கிழிந்தால், பெரும்பாலும் நோயாளியின் தொடைப் பின்புறத் தசைநாண்களையே எடுத்து அங்கே பொருத்துகிறார்கள். அவை முட்டிக்குச் சற்றுக் கீழே, உள்பக்கத்தில் வந்து ஒட்டியிருப்பதால், அங்கேதான் சில சென்டிமீட்டர் கீறுகிறார்கள். முட்டியின் கீழ்ப்பகுதித் தோலுக்கு உணர்ச்சி தரும் மெல்லிய நரம்பும் அந்த வழியாகத்தான் சாய்வாக ஓடுகிறது. நெட்டுக்குத்தாகக் கீறினால், குறுக்கே வரும் நரம்பு அறுபட வாய்ப்பு அதிகம். நரம்பு போகும் திசையிலேயே சாய்வாகக் கீறினால், அது தப்பிக்க வாய்ப்பு கூடும். ஆனால், நரம்பின் பாதை ஆளுக்கு ஆள் மாறும். அதனால், எந்தக் கீறலுக்கும் கேரண்டி கிடையாது.

ஆறுதலான சேதி... இது தோலுக்கான நரம்பு மட்டுமே. இது அறுபட்டதால் காலின் பலம் குறையாது. மரத்த இடமும் மாதக்கணக்கில் மெள்ளச் சுருங்கும். சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

‘நடக்க முடியுதில்ல... தோல் மரத்தா என்ன?’ என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பேன். மண்டியிட்டு ஜெபிப்பவர், தொழுகை செய்பவர், முட்டி போட்டு டைல்ஸ் பதிப்பவர் - இவர்களுக்கு அது தினசரிச் சங்கடம்.

ஆகவே, சம்மதக் கையெழுத்துப் போடும்முன் கேளுங்கள்: ‘எங்கே, எப்படிக் கீறுவீங்க? மரத்துப்போக வாய்ப்பு உண்டா? எத்தனை நாள் இருக்கும்?’ டாக்டர்களும், கேட்கும்வரை காத்திராமல் தாங்களே சொல்லிவிடலாமே... இரண்டு நிமிஷ வேலைதானே!

ஒரு எச்சரிக்கை: மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும். லேசாகத் தொட்டாலே ஷாக் அடித்தாற்போல வலித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே ஓடுங்கள்.

கத்தி படப்போவது உங்கள் முட்டியில். கேட்பதற்குக் கூச்சம் எதற்கு?