பூர்வ ஜன்ம பாபமும் இரண்டு கோடி ரூபாயும்

2024-ம் வருஷம் செப்டம்பர் மாத முதல் வாரத்துச் சங்கதிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.

ஒன்று பாரிஸ் பட்டணத்துச் சங்கதி. மாற்றுத் திறனாளிகளுக்கான பாராலிம்பிக் பந்தயத்தில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் இறகுப்பந்தில் வெள்ளியும், மனீஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் என்ற இரு பெண்கள் வெண்கலமும், சேலம் ஜில்லா மாரியப்பன் தங்கவேலு உயரந் தாண்டுவதில் வெண்கலமும் பெற்றார்கள்.

மற்றொன்று நமது சென்னைச் சங்கதி. சர்க்கார் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல வந்த ஓர் ஆசாமி, கையில்லாமலும் கண்ணில்லாமலும் பிறப்பது போன ஜன்மத்துப் பாபத்தின் பலன் என்று உபதேசம் செய்தது அந்த வாரந்தான் சந்திக்கு வந்தது. அந்த இடத்திலேயே எழுந்து ஆட்சேபித்தவர் கண் பார்வையில்லாத ஓர் உபாத்தியாயர். பேசினவர் கைதானார். ஆள் பிடிபட்டார் என்பது வாஸ்தவம். அவர் சொன்ன சரக்கு பிடிபட்டதா? அது இன்னும் வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாக உலாவிக் கொண்டுதானே இருக்கிறது! வெளியில் வரும்போது மாத்திரம் அதற்கு 'இரக்கம்' என்றும் 'தர்மம்' என்றும் பெயர்.

பணத்துக்கு வருவோம். 2016-ல் ரியோவில் மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். உடனே தமிழ்நாட்டு சர்க்கார் 2 கோடியும், மத்திய சர்க்கார் 75 லட்சமும் அறிவித்தன. இதில் ஒரு காசைக்கூட நாம் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஐந்து வயதில் பஸ் சக்கரம் அவர் காலை நசுக்கின போது, வைத்தியத்துக்காக 3 லட்சம் கடன் வாங்கினவர் காய்கறி விற்ற அவரது தாயார். பிள்ளை பத்திரிகை போட்டும், கட்டட வேலை செய்தும் பிழைத்தார். அந்தக் கடனுக்கு வட்டி கட்டின வருஷங்களில் எந்தக் கோடி அந்த வீட்டை எட்டிப் பார்த்தது?

2024-லும் பதக்கம் பெற்ற நால்வருக்கும் சேர்த்து 5 கோடி கொடுக்கப்பட்டது. 2023 முதல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் மாற்றுத் திறனாளிகளுக்குத் தனிப் பிரிவும் இருக்கிறது. இவற்றை மறைத்துப் பேசுவது யோக்கியமாகாது. ஆனால் இவையெல்லாம் மைதானத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்து விட்டவருக்கு. வந்து சேர வழியில்லாத பிள்ளைக்கு என்ன?

எண்ணூரில் காலிழந்த ஒரு பெண் குழந்தை ஓட ஆசைப்படுகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். பெரியமேடு நேரு விளையாட்டரங்கத்துக்குப் போக வேண்டும். 2021-ல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் மட்டும் வந்தது. அங்கே லிப்டும் உண்டு. ஆனால் எண்ணூரிலிருந்து விம்கோ நகருக்குக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அவளை யார் கொண்டு போய்ச் சேர்ப்பது? தாய் கூட வந்தால் அன்றைக்குக் கூலி போச்சு. ஓடுவதற்கென்று செய்த செயற்கைக் காலோ லட்சக் கணக்கில் விலை. கன்டெய்னர் கிடங்கில் ஒப்பந்தக் கூலியாக இருக்கும் தகப்பன் எதை விற்று வாங்குவான்?

'பாவம், விதி' என்று சொல்லிவிட்டால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. விதிக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதே அதனால்தான்.

1948-ல் லண்டன் ஒலிம்பிக் ஆரம்பமான அதே நாளில், இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் லுட்விக் குட்மன், யுத்தத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து வில் வித்தைப் பந்தயம் நடத்தினார். முதுகெலும்பு முறிந்தவன் பிழைக்கமாட்டான் என்று வைத்தியர்களே கைவிட்டிருந்த காலம் அது. அவர் யாருடைய ஜாதகத்தையும் கேட்கவில்லை. கையில் வில்லைக் கொடுத்தார். பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

இனி நமது முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. ராயபுரம் முதல் மணலி, எண்ணூர் வரையில் துறைமுகம், எண்ணெய் சுத்திகரிப்பு, அனல் மின்சாரம், மோட்டார் வண்டி என்று எத்தனை தொழில்கள்! காற்றும் கழிமுகமும் நம்முடையவை. இயந்திரத்தில் சிக்கின விரல்களும் நம்முடையவையே. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் 135-வது பிரிவு, பெரிய கம்பெனிகள் மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் 100-க்கு 2 பங்கு சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தக் காரியங்களைச் சொல்லும் 7-வது அட்டவணையில் பாராலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. கம்பெனி இருக்கிற பகுதிக்கே முதலிடம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அப்படியிருக்க, பேர் எழுதின மூன்று சக்கர வண்டியைக் கொடுத்துப் போட்டோ பிடித்துக் கொண்டால் கணக்குத் தீர்ந்ததா?

கம்பெனிகளை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக் கொள்ளப் பார்க்கவில்லை. ஆடி மாதம் வந்தால் தெருவுக்குத் தெரு ரசீதுப் புத்தகம் அடித்துக் கூழுக்கு வசூல் செய்கிற நமக்கு, ஒரு குழந்தையின் ஆட்டோ வாடகைக்கு வசூலிக்கத் தெரியாமலா போய்விட்டது?

தொழிற் சங்கத் தோழர்களே! அந்த 2 பங்கு எதெதற்குப் போயிற்று என்பதைக் கம்பெனிகள் வருஷா வருஷம் அறிக்கையில் வெளியிட்டாக வேண்டும். அடுத்த முறை போனஸ் பேசப் போகும்போது அந்த அறிக்கையையும் கையில் எடுத்துப் போங்கள். பாராலிம்பிக் பயிற்சிக்கு, அதிலும் இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு, எவ்வளவு என்று கேளுங்கள். கேட்கும் போது 'ஐயா, பெரிய மனது பண்ணி' என்று மாத்திரம் ஆரம்பிக்க வேண்டாம்.