சுவர் இடுக்கும் ஒரு மரப்பட்டைதான்

குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி தென்பட்டால், வீட்டில் முதலில் தேடுவது விளக்குமாற்றைத்தான். ஓங்கும் அந்தக் கையைத் தடுக்கத்தான் இந்த வாரப் பத்தி.

அது வலை பின்னிக் காத்திருக்கும் இனம் இல்லை. இரவில் வெளியே வந்து இரையைப் பாய்ந்து பிடிக்கும் வேட்டைச் சிலந்தி. உடம்பு தட்டை, கால்கள் பக்கவாட்டில் விரிந்து சுவரோடு படியும். மரப்பட்டைக்கு அடியில் புகுந்துகொள்ள அமைந்த உடம்பு இது. நிலைச்சட்டத்தின் இடுக்கும் மாட்டிய காலண்டரின் பின்பக்கமும் அதற்கு மரப்பட்டைதான்.

இதே உடம்பை வைத்துக்கொண்டு இந்தச் சிலந்திக் குடும்பம் எங்கெல்லாம் பிழைக்கிறது! மொராக்கோவின் எர்க் செப்பி மணல்மேடுகளில் ஒரு சிலந்தி, ஆபத்து வந்தால் கரணம் அடித்தே தப்புகிறது. ஓடினால் நொடிக்குச் சுமார் 1 மீட்டர். கரணம் அடித்தால் 2 மீட்டர். மேடேறும்போதும் அடிக்கும். பகல் வெயிலுக்கு மணலுக்குள் குழாய்போல வளை தோண்டி, சரியாமலிருக்க உள்ளே நூலால் பூசிக்கொள்கிறது. 2014-இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய ஜெர்மானியர் பீட்டர் யேகர், அதற்கு 2 ஆண்டு முன்பு லாவோஸ் குகையிலிருந்து இன்னொன்றை விவரித்திருந்தார். அதற்குக் கண்ணே கிடையாது. வெளிச்சமே எட்டாத இடத்தில் கண் எதற்கு?

நம் வீட்டுச் சிலந்தி இவற்றுக்குச் சளைத்ததல்ல. ஆசியாவில் பிறந்து, கப்பல் சரக்கோடும் வாழைத்தாரோடும் வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. இயற்கையியலாளர் லின்னேயஸ் 1767-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். பெண் சிலந்தியைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: உடம்புக்கு அடியில் நாணயம் போலத் தட்டையாக வெள்ளை முட்டைப்பை. குஞ்சு பொரியும்வரை அதைக் கீழே வைக்காமல் சுமந்தே திரியும்.

அதன் முக்கியமான இரைகளில் ஒன்று கரப்பான். கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும். உயிருக்கு ஆபத்து இல்லை. கரப்பானுக்கென்று நாம் அடிக்கும் மருந்தோ, கரப்பானைத் தின்ன வந்ததையும் சேர்த்தே கொல்கிறது.

பாலைவனத்துச் சிலந்தியின் வித்தையை வீடியோவில் பார்த்து வியக்கிற நாம், நம் சுவரை நம்பிப் பிழைப்பதை மட்டும் அடிப்பது நியாயமில்லை. பயமாக இருந்தால் ஒரு டப்பாவால் மூடி, அட்டையைச் செருகித் தோட்டத்து மரத்தடியில் விட்டுவிடுங்கள். பயம் இல்லையென்றால் இருக்குமிடத்திலேயே இருக்கட்டும். இரவுக்காவலை அது பார்த்துக்கொள்ளும்.