முகவரி மாற்றும் வேலை எந்தப் பெட்டிக்கு?

இணைய நிறுவனத்தார் மாட்டிவிட்டுப் போகும் ஃபைபர் மோடங்கள் பலவற்றின் அமைப்புப் பக்கத்தில் 'ரவுட்', 'பிரிட்ஜ்' என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். உள்ளறைக்கு வைஃபை எட்டவில்லை என்று சொந்தமாக இன்னொரு ரவுட்டர் வாங்கும்வரை பலர் அந்தப் பக்கம் போவதில்லை.

பிரிட்ஜ், கருவியோடு வரும் 48 பிட் மேக் முகவரியை மட்டும் பார்த்துத் தரவைக் கடத்தும். அதன் இரு பக்கமும் ஒரே வலையமைப்பு. ரவுட்டர் ஐ.பி. முகவரியைப் படித்து, ஒரு வலையமைப்பிலிருந்து வேறொன்றுக்குத் தரவை அனுப்பும்.

வீட்டு ரவுட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அதனால் வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகள் புழங்குகின்றன; இவை பொது இணையத்தில் செல்லாது. எந்தக் கருவி எந்த போர்ட் எண்ணில் கேட்டது என்று ரவுட்டர் ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டு, தன் வெளிமுகவரியிலிருந்து கேட்கும். பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கருவிக்குத் தரும். இந்த முகவரி மாற்றத்துக்கு 'நாட்' என்று பெயர்.

மோடமும் புது ரவுட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக நாட் செய்தாலும் வலைப்பக்கம் திறக்கும், படம் ஓடும். அங்கெல்லாம் கேள்வி உள்ளிருந்து கிளம்புகிறது. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாக அழைத்தால் நிலைமை வேறு. முதல் பெட்டியின் அட்டவணையில் அந்த அழைப்புக்குக் குறிப்பே இல்லை. அது அங்கேயே நின்றுவிடும். இரண்டு பெட்டிகளும் 192.168.1 வரிசையையே வைத்திருந்தால் இணையமே கிடைக்காமல் போகலாம்.

மோடத்தை பிரிட்ஜ் ஆக்கினால் நாட் ஒன்றாகிவிடும். ஆனால் இணைப்புக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் இடங்களில், அவற்றை இனி நம் ரவுட்டரில் பதிய வேண்டும். மோடத்தின் வைஃபை பெரும்பாலும் நின்றுவிடும். அதில் தொலைபேசியும் இருந்தால் முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வைஃபை எட்டினால் போதும் என்பவர்கள் மோடத்தைத் தொடவே வேண்டாம். புது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றினால், அதுவே பிரிட்ஜ் போல நடந்துகொள்ளும். பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும் என்றே தோன்றுகிறது.

கேமராவுக்காக மாற்றுபவர்கள் முதலில் மோடத்தின் வெளிமுகவரியைப் பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், நிறுவனமே தன் பக்கம் ஒரு நாட் வைத்திருக்கிறது. அதை வீட்டிலிருந்து மாற்ற முடியாது. நிலையான பொது முகவரியோ ஐ.பி. ஆறாம் பதிப்போ கிடைக்குமா என்றுதான் கேட்க வேண்டும்.