கொல்லிமலையிலிருந்து சிங்கப்பூருக்கு: மலிவுச் சீட்டின் மறைகணக்கு



கொல்லிமலைச் செம்மேட்டிற்கு அருகிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் இம்மாதம் நம் பகுதிக்கு வந்துள்ளது. அவருடைய மகள் மணமாகிச் சிங்கப்பூரில் வாழ்கிறாள். இன்னும் நான்கு மாதத்தில் அவளுக்குத் தலைப்பிரசவம். மருமகனுக்கு நீண்ட விடுப்புக் கிடையாது. தாம் சென்று மூன்று மாதம் உடனிருக்க விரும்புவதாகவும், போகவர விமானச்சீட்டுக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய் ஆகும் என்று ஒரு முகவர் கூறியதாகவும் அத்தாயார் எழுதுகிறார். வீட்டில் காயவைத்துள்ள மிளகை விலை ஏறும்வரை வைத்திராமல் இப்போதே விற்றுவிடலாமா, அல்லது வளையலை அடகு வைக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

அம்மா, இரண்டுக்கும் அவசரமில்லை. பணத்தைப் பற்றிப் பேசுமுன் நாள்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் சிங்கப்பூருக்குள் நுழைய விசா தேவை. அதற்கு அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி. அங்கீகாரம் பெற்ற முகவர் தம் கூலியைத் தனியே சேர்ப்பார். விசா கிடைத்தாலும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அந்நாட்டுக் குடிநுழைவு அதிகாரிகளே தீர்மானிக்கிறார்கள். உறவினரைக் காணச் செல்வோருக்குப் பெரும்பாலும் 30 நாளுக்கு மேற்படாத அனுமதியே கிடைக்கிறது. அதன்பின் நீட்டிப்புக் கேட்கலாம். கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. வேலை அனுமதியில் இருப்பவர் தம் பெற்றோரை நீண்டகால அனுமதியில் அழைத்துக்கொள்ள, நிலையான மாத ஊதியம் 12,000 வெள்ளியாவது இருக்கவேண்டும். ஆகவே மூன்று மாதம் கழித்துத் திரும்புவதாக மாற்றவியலாத சீட்டை வாங்கிவைப்பது வீண் செலவாக முடியக்கூடும். பேறு கண்டபின் வரும் முதல் முப்பது நாளை உங்களுக்கென்று வைத்துக்கொண்டு, அடுத்த மாதத்திற்குச் சம்பந்தியம்மாளை வரச்சொல்லலாமே! பல குடும்பங்களில் இப்படித்தான் இரு வீட்டாரும் முறை வைத்துக்கொள்கிறார்கள்.

இனி விமானம். சேலத்திலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. கொல்லிமலைக்கு வாய்ப்பான நிலையம் திருச்சிராப்பள்ளியே. நாமக்கல்லிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர். 2012-இல் பன்னாட்டு நிலையமாக அறிவிக்கப்பெற்று, 2024-இல் புதிய முனையமும் கண்டுவிட்டது. ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகிய மூன்றும் அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரே செல்கின்றன. நான்கு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பயணம். நம் பெரியவர்கள் இவ்வழியே சென்ற காலத்தை எண்ணிப் பாருங்கள். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். 1970-களின் தொடக்கத்தில் அது ஓய்வுபெற, ‘சிதம்பரம்’ கப்பல் அவ்விடத்தை நிரப்பியது. 1985 பிப்ரவரியில் அதில் நேர்ந்த தீவிபத்தில் பலர் மாண்டனர். அத்துடன் ஏழைகளின் கடல்வழியும் மூடிப்போயிற்று. அதன்பின் நெடுங்காலம் விமானமே வழி என்றும், விமானம் செல்வர்க்கே உரியது என்றும் இருந்தது. மலிவுக் கட்டண நிறுவனங்கள் திருச்சிக்கு வந்த பிறகே அந்நிலை மாறியது.

மலிவு என்ற சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. இந்நிறுவனங்கள் முதலில் காட்டும் தொகை ஓர் ஆளையும், கையில் எடுத்துச்செல்லும் ஏழு அல்லது பத்துக் கிலோ பையையும் ஏற்றிச்செல்வதற்கே. பெரிய பெட்டி, உணவு, விரும்பிய இருக்கை யாவும் பல சீட்டுகளில் தனித்தனி விலை. ஒரு கணக்குக்காக, கற்பனைத் தொகைகளையே வைத்துப் பார்ப்போம். ஒரு நிறுவனம் 9,000 ரூபாய் என்கிறது. இன்னொன்று பெட்டியும் உணவும் இருக்கையும் சேர்த்து 13,000 என்கிறது. முதலாவதில் இருபது கிலோ பெட்டிக்கு 3,500, உணவுக்கு 500, இருக்கைக்கு 600 என்று கூட்டினால் 13,600 ஆகிவிடுகிறது. மலிவு எது? பெட்டி வேண்டாதவருக்கு முதலாவது, வேண்டியவருக்கு இரண்டாவது. பெட்டிக்கான தொகையைச் சீட்டு வாங்கும்போதே கட்டிவிடுங்கள். விமான நிலையத்தில் நின்று கட்டினால் அதே எடைக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு மருந்துச் சரக்கும் மலைத்தேனும் கொண்டுபோகும் தாய்மாருக்கு இது முக்கியம். பலாப்பழம் ஆசைப்படாதீர்கள், ஒரு பழமே பத்துக் கிலோ நிற்கும்.

மற்றொன்று: மலிவு நிறுவனங்கள் போகும் பயணத்தையும் வரும் பயணத்தையும் பெரும்பாலும் தனித்தனியே விலையிடுகின்றன. ஆதலால் ஒரு நிறுவனத்தில் சென்று வேறொன்றில் திரும்புவதால் இழப்பு ஒன்றுமில்லை. கோலாலம்பூர் வழியாகச் சென்றால் இன்னும் குறையும் என்று சிலர் சொல்வார்கள். திருச்சியிலிருந்து அங்கு ஏர் ஏசியாவும் பாத்திக் ஏரும் செல்வது உண்மைதான். 2023 டிசம்பர் முதல் இந்தியர் 30 நாள்வரை மலேசியாவில் விசாவின்றி இருக்க முடிவதும் உண்மைதான். ஆனால் இரண்டு பயணங்களுக்கும் வெவ்வேறு சீட்டு வாங்கியிருந்து, முதல் விமானம் தாமதித்தால், இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திராது, பணமும் திரும்பாது. மொழி தெரியாத இடத்தில் தனியே நிற்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணிக்கு அந்த ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் தேவையே இல்லை என்பது என் எண்ணம். வழியறிந்த இளைஞர் வேண்டுமானால் முயலட்டும்.

எப்போது வாங்குவது? கிறிஸ்து பிறப்பு, பொங்கல், சீனப் புத்தாண்டு, தீபாவளி ஆகியவற்றையொட்டியும், சிங்கப்பூர்ப் பள்ளிகள் விடுமுறை விடும் ஜூன் மாதத்திலும், நவம்பர் நடுவிலிருந்து ஆண்டிறுதிவரையிலும் கட்டணம் ஏறிவிடும். சீனப் புத்தாண்டு கழிந்த தவக்கால வாரங்களில் பெரும்பாலும் இறங்கும். பிரசவம் பண்டிகை பார்த்து வருவதில்லை. ஆகவே உங்களுக்கு இந்தத் தேர்வு குறைவே. பயணத்திற்கு இரண்டு மாதம் முன்பே விலை பார்க்கத் தொடங்குங்கள். விசா விண்ணப்பமோ பயண நாளுக்கு முந்திய ஒரு மாதத்திற்குள் கொடுக்க வேண்டியது. அதாவது, விசா வருமுன் சீட்டு வாங்கினால் விலை குறைவு, விசா வந்தபின் வாங்கினால் அச்சம் குறைவு. இரண்டுக்கும் நடுவே, கட்டணம் செலுத்தி நாளை மாற்றிக்கொள்ளத்தக்க சீட்டை வாங்குவதே உங்கள் நிலைக்குப் பொருந்தும். குழந்தை ஒரு வாரம் முந்தலாம், பிந்தலாம் அல்லவா?

பெயரைப் பற்றி நம் குடும்பங்களுக்குத் தனியே ஒரு சொல். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் வேறொன்று என்பது நம்மிடையே புதுமையன்று. சீட்டில் கடவுச்சீட்டில் உள்ள பெயரே எழுத்துப் பிசகாமல் இருக்கவேண்டும். தலைப்பெழுத்தைச் சிலர் கூட்டி, சிலர் விட்டு எழுதுவதால்தான் நிலையத்தில் சிக்கல் வருகிறது. கடவுச்சீட்டு இனிமேல்தான் எடுக்கவேண்டுமானால், பெரியவர்க்குரிய 36 பக்கச் சீட்டின் அரசுக் கட்டணம் 1,500 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே இருப்பின், சிங்கப்பூரில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது காலம் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்குமுன் மூன்று நாளுக்குள் கணினி வழியே நிரப்பவேண்டிய வருகை அட்டைக்குக் கட்டணம் இல்லை. அதற்கும் பணம் கேட்கும் தளங்கள் உண்டு, ஏமாறவேண்டாம். மகளோ மருமகனோ அங்கிருந்தே நிரப்பிவிடலாம்.

கடைசியாக, சீட்டில் அச்சாகும் தேதி. நள்ளிரவு கழிந்து புறப்படும் விமானத்தில் 15-ஆம் தேதி 00.40 மணி என்றிருந்தால், 14-ஆம் தேதி இரவே நிலையத்தில் இருந்தாக வேண்டும். 15-ஆம் தேதி காலையில் மலையிலிருந்து புறப்படுவோருக்கு விமானம் இல்லை. நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்பே இருக்கவேண்டும் என்பதையும், காரவள்ளிவரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதையும், மழைக்காலமானால் பாதையில் மண் சரியக்கூடும் என்பதையும் கூட்டிப் பார்த்தால், 14-ஆம் தேதி நண்பகலுக்கு முன்பே செம்மேட்டில் பேருந்து ஏறிவிடுவது நல்லது. மாலையில் வாடகைக் காருக்குக் கொடுக்கும் தொகையில், முன்சொன்ன இருபது கிலோ பெட்டிக்கே கட்டிவிடலாம்.