விரலுக்கேற்ற வீக்கம்

உயர்ந்த ஹெட்போன் வாங்கினால், உயர்ந்த விலையில் ஆம்ப்ளிஃபயரும் வாங்கியே தீர வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். நான் அதை ஒப்பவில்லை.

கணக்கைப் பார்ப்போம். என்னிடமுள்ளது 1997இல் வெளிவந்த சென்ஹைசர் எச்டி 600. அதன் மின்மறுப்பு 300 ஓம். 2 வோல்ட் கொடுத்தால் அது ஏற்பது 13 மில்லிவாட்தான். காதுக்கு அதுவே மிஞ்சும். 50 ஓம் கொண்ட ஹைஃபைமேன் எச்இ-6இன் கதை வேறு. 1 மில்லிவாட்டில் அதிலிருந்து எழுவது 83.5 டெசிபல், மேலும் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். கைபேசி தருவது அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி! ஆகவே ஓமை மட்டும் பார்த்து முடிவுகட்டுவது பேதைமை. உணர்திறனையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொன்று: சற்றே உரக்க ஒலிப்பது இனிமையாகத் தோன்றும். கடையில் நான் ஏமாந்தது அப்படித்தான். விடுதிக்கு வந்து, வோல்ட்மீட்டரால் ஒலியளவைச் சமமாக்கி, அறைத்தோழர் மாற்றி மாற்றி இணைக்க, கண்மூடிக் கேட்டேன். பழையது எது, புதியது எது என்று சொல்ல முடியவில்லை. மூன்று மாத உதவித்தொகை போயிற்று!

தோழர்களே, பணத்தை எண்ணுமுன் மில்லிவாட்டை எண்ணுங்கள்.